உளநோய் மருந்தும் சிறுநீர்ப் பரிசோதனையும்: ஆய்வுகூடம் சொல்வதும் சொல்லாததும்

உளநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர் வாழும் வீட்டில் நாள் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "குளிசை போட்டாச்சா?" என்பதே அது. "ஓம், போட்டுட்டன்" என்ற பதிலும் நாள் தவறாமல் வரும். அந்தப் பதிலை முழுமையாக நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல், பெற்றவர்கள் மருந்து உறையைப் பிரித்து எண்ணிப் பார்ப்பதும் தலையணைக்கு அடியில் தேடுவதும் எமது சமூகங்களில் பலரும் வெளியில் சொல்லாத அன்றாட அனுபவங்களாகும்.

இதே கேள்வி வைத்தியரின் மேசையிலும் எழுகின்றது. நோய் தணியாத நிலையில் ஒருவர் கிளினிக்கிற்கு அழைத்து வரப்படுகிறார். கொடுத்த மருந்து பலனளிக்கவில்லையா, அல்லது கொடுத்த மருந்து உட்கொள்ளப்படவே இல்லையா? முதலாவதே உண்மையெனில் மருந்தின் அளவைக் கூட்டவோ வேறு மருந்துக்கு மாறவோ வேண்டும். இரண்டாவதே உண்மையெனில் அளவைக் கூட்டுவதால் ஆகப்போவது எதுவுமில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு மருத்துவ உலகம் நாடிய வழிகளுள் ஒன்றே ஆய்வுகூடத்தில் செய்யப்படும் சிறுநீர்ப் பரிசோதனை ஆகும்.

சிறுநீர்ப் பரிசோதனை என்றதும் நம்மவர்களுக்கு நீரிழிவு நினைவுக்கு வரும். இல்லையேல் போதைப்பொருள் பாவனையாளரைப் பிடிப்பதற்கான சோதனை நினைவுக்கு வரும். இங்கு நாம் பேச விழைவது இவை இரண்டையும் அல்ல. வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்து நோயாளியின் உடலுக்குள் சென்றதா என்பதை அறியும் சோதனை பற்றியே பேச விழைகின்றோம். அது எவ்வாறு செய்யப்படுகின்றது, அதன் பெறுபேற்றை எந்த அளவுக்கு நம்பலாம், அதனை யார் எதற்காகப் பயன்படுத்த வேண்டும் என்பவற்றை எமது வாசகர்கள் அறிந்திருப்பது அவசியமென நாம் கருதுகின்றோம். ஏனெனில், தவறாக வாசிக்கப்பட்ட ஒரு பெறுபேறு, உண்மை பேசிய நோயாளியைப் பொய்யராக்கிவிடும் வல்லமை கொண்டது.

ஏன் இந்தக் கேள்வி இத்தனை முக்கியம்?

மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமை உளநோயாளருக்கு மட்டும் உரிய குறைபாடு அன்று. நீண்டகால நோய்களுக்கான சிகிச்சையை நோயாளர் எந்த அளவுக்குப் பின்பற்றுகின்றனர் என்பது பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2003ஆம் ஆண்டில் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அபிவிருத்தியடைந்த நாடுகளிற்கூட சராசரியாக 50 வீதமானோரே சிகிச்சையை ஒழுங்காகப் பின்பற்றுகின்றனர் என்று அவ்வறிக்கை கூறியது. நீரிழிவுக்காரரும் உயர் குருதி அமுக்கமுள்ளவரும் இந்தக் கணக்கில் அடங்குவர். ஆகவே, மருந்தைக் கைவிடுதல் 'மனம் பேதலித்தவரின் பிடிவாதம்' என்று ஒதுக்கிவிடக் கூடியதொன்றன்று.

மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளை ஒப்பிட்டு ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 1,500 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வொன்று உளமருத்துவர் மத்தியில் பெரிதும் பேசப்பட்டது. பதினெட்டு மாத காலத்துக்குள் 74 வீதமானோர் தமக்கு முதலில் வழங்கப்பட்ட மருந்தை நிறுத்தியிருந்தனர். மருந்து போதிய பலன் தராமையும், அதன் பக்கவிளைவுகளைத் தாங்க முடியாமையும் அதற்கான காரணங்களுள் அடங்கின. உடல் பருத்தல், கை நடுக்கம், ஓயாத தூக்கம், வாய் உலர்தல், தாம்பத்திய வாழ்வில் ஏற்படும் தடைகள் போன்றவை சிறு விடயங்கள் அல்ல. அவற்றை வாய்விட்டுச் சொல்ல நாணும் ஒருவர் குளிசையைச் சத்தமின்றி நிறுத்திவிடுகின்றார். நோய் தணிந்ததும் 'சுகமாகிவிட்டேன்' என்று நம்பி நிறுத்துபவர்களும் உளர். கலியாணப் பேச்சு வந்தவுடன் மருந்து உறைகள் அலுமாரியின் அடியில் மறைக்கப்படும் வீடுகளும் உள்ளன.

வைத்தியருக்கு உண்மை தெரியாதபோது நேரக்கூடிய ஆபத்தையும் இங்கு சொல்லியாக வேண்டும். குளிசையைப் போடாத ஒருவருக்கு, 'இந்த அளவு போதவில்லை' என்று கருதி மருந்து படிப்படியாகக் கூட்டப்படுகின்றது எனக் கொள்வோம். பின்னர் அவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகின்றார். அங்கே தாதியர் முன்னிலையில், ஏட்டில் எழுதப்பட்டுள்ள முழு அளவும் ஒரே நாளில் அவருக்குக் கொடுக்கப்படுகின்றது. மருந்துக்குப் பழகாத உடல் அந்தப் பெரிய அளவை முதன்முறையாக எதிர்கொள்கின்றது. குருதி அமுக்கம் சடுதியாக வீழ்வதும், தசைகள் இறுகுவதும், மயக்கமும் ஏற்பட இடமுண்டு. சில மருந்துகளில் இது உயிராபத்தாகவும் முடியலாம். ஆகவே, உண்மையை அறிவதில் நோயாளியின் பாதுகாப்பே முதன்மையாகத் தங்கியுள்ளது.

நிறம் மாறிய சோதனைக் குழாய்

உளநோய்க்கான நவீன மருந்துகளின் வரலாறு 'குளோர்புரோமசின்' என்ற மருந்துடன் தொடங்குகின்றது. 1950இன் இறுதியில் பிரான்ஸில் தயாரிக்கப்பட்ட இம்மருந்தை, 1952இல் பரிஸ் நகரில் டிலே, டெனிக்கர் ஆகிய இரு உளமருத்துவர்கள் நோயாளருக்குப் பயன்படுத்தி அதன் பலனை வெளியிட்டனர். சில ஆண்டுகளுக்குள் உலகெங்குமுள்ள உளநோய் வைத்தியசாலைகளின் தோற்றத்தையே இம்மருந்து மாற்றியமைத்தது. ஆண்டுக்கணக்காக உள்ளே அடைபட்டிருந்தவர்கள் வீடு திரும்பத் தொடங்கினர்.

வீடு திரும்பியவர்களுடன் புதிய சிக்கலும் சேர்ந்தே புறப்பட்டது. வைத்தியசாலையில் தாதி கொடுத்த குளிசையை வீட்டில் யார் கொடுப்பது? கொடுத்ததை அவர் விழுங்கினாரா? இக்கேள்விக்கு விடை காண முயன்றவர்களுள் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த எப். எம். போரெஸ்ட், ஐ. எஸ். போரெஸ்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1950களின் பிற்பகுதியில் அவர்கள் உருவாக்கிய சோதனைக்குப் பெரும் இயந்திரங்கள் தேவைப்படவில்லை. பெரிக் குளோரைட்டு, பேர்குளோரிக் அமிலம், நைத்திரிக் அமிலம் ஆகியவற்றின் கலவையைச் சிறிதளவு சிறுநீருடன் சேர்த்தால், குளோர்புரோமசின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து இருப்பின் கலவை இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ நிறம் மாறும். மருந்து கூடுதலாக இருப்பின் நிறமும் அடர்த்தியாகும். நிற அட்டையுடன் ஒப்பிட்டு ஒரு நிமிடத்துக்குள் விடை கூறக்கூடிய எளிய முறை அது.

இதே காலப்பகுதியில் தமிழ்நாட்டிலும் இதனையொத்த முயற்சியொன்று நடந்தமை எமது வாசகர்களுக்குச் சுவை தரக்கூடியது. 1956இல் சென்னையில் அமைக்கப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம், காசநோயாளரை வைத்தியசாலையில் வைத்துப் பராமரிப்பதா, வீட்டில் வைத்தே குணப்படுத்துவதா என்ற கேள்வியை ஆராய்ந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்கள் மருந்தை ஒழுங்காக எடுத்தனரா என்பதை அறிய, முன்னறிவித்தலின்றி வீடுகளுக்குச் சென்று குளிசைகள் எண்ணப்பட்டன, சிறுநீரும் பரிசோதிக்கப்பட்டது. வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று அந்த ஆய்வு உலகுக்கு எடுத்துக்காட்டியது. சிறுநீர்ப் பரிசோதனை அங்கே நோயாளரை வைத்தியசாலைச் சுவர்களுக்குள் அடைக்காமல் வீட்டில் வாழவிடுவதற்குத் துணைநின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1965இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான கட்டுரையொன்றின் தலைப்பே 'உளமருத்துவ வெளிநோயாளர் தமது மருந்துகளை உட்கொள்கின்றனரா?' என்ற பொருள்பட அமைந்திருந்தது. வெளிநோயாளரின் சிறுநீரைச் சோதித்தபோது, அவர்களுள் பெரும் பகுதியினர் மருந்தை உரியவாறு எடுக்கவில்லை என்பது தெரியவந்தது. அதுவரை வைத்தியர்கள் கொண்டிருந்த நம்பிக்கையை இவ்வாறான ஆய்வுகள் அசைத்தன.

எனினும், நிறமாற்றச் சோதனைக்கு வரம்புகள் இருந்தன. குளோர்புரோமசின் குடும்பத்தைச் சாராத ஹலோபெரிடோல் போன்ற மருந்துகளை அது இனங்காணாது. புதிய மருந்துகள் பெருகப் பெருக அந்தச் சோதனை பின்தள்ளப்பட்டு, நுட்பமான முறைகள் அதன் இடத்தைப் பிடித்தன.

இன்றைய ஆய்வுகூடம் செய்வது என்ன?

நாம் விழுங்கும் குளிசை குடலில் கரைந்து குருதியில் கலக்கின்றது. ஈரல் அதனை உடைத்து வேறு இரசாயனப் பொருட்களாக மாற்றுகின்றது. சிறுநீரகம் அவற்றை வடித்து வெளியேற்றுகின்றது. ஆகவே சிறுநீரில் இருப்பது, மருந்தும் மருந்து மாறியதால் உண்டான விளைபொருட்களும் கலந்த ஒரு தடயமாகும். ஊசி குத்தாமல் பெறக்கூடியதும், குருதியில் மருந்து குறைந்துபோன பின்னரும் தடயத்தைக் காட்டக்கூடியதும் என்பதால் சிறுநீர் தெரிவுசெய்யப்படுகின்றது. பெரும்பாலான மருந்துகளின் தடயம் ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை நீடிக்கும். டயஸ்பாம் போன்றவற்றை நீண்டகாலம் எடுத்தவர்களிடம் அது வாரக்கணக்கிலும் நீடிக்கலாம்.

சோதனை இரு படிகளைக் கொண்டது. முதற்படியில் பிறபொருளெதிரிகள் பயன்படுத்தப்படுகின்றன. இதனைப் பூட்டும் திறப்பும் என்று விளங்கிக்கொள்ளலாம். பிறபொருளெதிரி ஒரு பூட்டு. மருந்தின் மூலக்கூறு அதற்குரிய திறப்பு. பொருந்தினால் 'உண்டு' என்றும் பொருந்தாவிடின் 'இல்லை' என்றும் காட்டும். செலவு குறைந்தது, சில நிமிடங்களில் முடிவு தருவது. ஆனால் ஏறக்குறைய ஒத்த வடிவமுள்ள வேறு திறப்பும் சிலவேளை அந்தப் பூட்டைத் திறந்துவிடும் என்பதே இதிலுள்ள குறைபாடு.

இரண்டாம் படி அதனை உறுதிப்படுத்துவது. நிறப்பகுப்பியலும் திணிவு நிறமாலைமானியும் இணைந்த கருவிகளில், சிறுநீரிலுள்ள மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு, அவற்றின் திணிவைக் கொண்டு இனங்காணப்படுகின்றன. முதற்படி 'இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஏதோவொன்று' என்று சொல்லும். இரண்டாம் படி இன்ன மருந்து, இன்ன விளைபொருள் என்று பெயர் குறிப்பிட்டுச் சொல்லும். இக்கருவிகள் விலையுயர்ந்தவை, தேர்ச்சி பெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர்களை வேண்டி நிற்பவை.

மாதிரி உண்மையானதா என்பதையும் ஆய்வுகூடம் கவனிக்கும். புதிதாகக் கழிக்கப்பட்ட சிறுநீர், சில நிமிடங்களுக்குள் அளக்கப்படும்போது ஏறத்தாழ 32 முதல் 38 பாகை செல்சியஸ் வெப்பநிலையைக் கொண்டிருக்க வேண்டும். 'கிரியற்றினின்' அளவு டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாயின் அது நீர்த்துப்போன மாதிரி எனச் சந்தேகிக்கப்படும். குளிசையைச் சுரண்டி நேரடியாகச் சிறுநீரிலேயே கலந்து கொடுப்போரும் உளர். அத்தகைய மாதிரியில் மூல மருந்து மிகையாகத் தென்படும்; ஈரலின் வழியே சென்றிருந்தால் உண்டாகியிருக்க வேண்டிய விளைபொருட்கள் காணப்படமாட்டா.

பெறுபேறு தவறாக வாசிக்கப்படும்போது

இனி, இந்தச் சோதனையால் சொல்ல முடியாதவற்றைப் பார்ப்போம். அண்மைய நாட்களில் மருந்து உடலினூடாகச் சென்றது என்று மட்டுமே அது சொல்கின்றது. எத்தனை மில்லிகிராம் எடுக்கப்பட்டது என்பதைச் சிறுநீரிலுள்ள அளவைக் கொண்டு கணிக்க முடியாது. குடித்த நீரின் அளவு, சிறுநீரகத்தின் செயற்பாடு, உடற்பருமன் முதலியன அந்த அளவை மாற்றிவிடும். ஒரே மருந்தை ஒருவரின் ஈரல் விரைவாகவும் இன்னொருவரின் ஈரல் மெதுவாகவும் உடைக்கும். இது பிறப்பிலேயே அமையும் வேறுபாடு.

மாதம் முழுவதும் மருந்தை மறந்திருந்துவிட்டு, கிளினிக் நாளுக்கு முந்திய இரு தினங்களில் மட்டும் ஒழுங்காக எடுப்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கின்றனர். பரீட்சைக்கு முந்திய இரவில் மட்டும் படிக்கும் மாணவனைப் போன்றவர்கள் இவர்கள். சிறுநீர்ப் பரிசோதனை இவர்களுக்கு முழுப் புள்ளிகளையும் வழங்கிவிடும்.

இதைவிடக் கவலைக்குரியது, ஒழுங்காக மருந்தெடுத்தவரைச் சோதனை கைவிடும் சந்தர்ப்பமாகும். பதகளிப்புக்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படும் குளோனசிபாம், லொரசிபாம் ஆகியவை டயஸ்பாமின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால், முதற்படிச் சோதனைகளுள் பல, டயஸ்பாம் உடைவதால் உண்டாகும் பொருட்களை இலக்காகக் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. ஆகவே குளோனசிபாமை நாள் தவறாது எடுத்த ஒருவருக்கு 'இல்லை' என்ற பெறுபேறு வரக்கூடும். இதனை அறியாத வைத்தியரோ வீட்டாரோ அவரைப் பார்த்து 'ஏன் பொய் சொல்கின்றாய்?' என்று கேட்டால், அந்த மனிதர் இனி எதற்காக உண்மை பேச வேண்டும்?

மறுபுறத்தில், எடுக்காத பொருளை எடுத்ததாகக் காட்டும் பெறுபேறுகளும் உண்டு. மனச்சிதைவு நோய்க்கான குவெற்றியாபின் சில சோதனைகளில் மெதடோன் என்று காட்டியிருக்கின்றது. ஒவ்வாமைக்கும் வாந்திக்கும் வழங்கப்படும் புரோமெதசினும், மனச்சோர்வுக்கான புப்புரோப்பியோன், டிரசடோன் ஆகியனவும் அம்பெற்றமின் எனத் தவறாகக் காட்டக்கூடியவை. உளநோய்க்கு வைத்தியர் எழுதிய மருந்தை எடுத்த ஒருவர், வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் போதைப்பொருள் பாவனையாளராகத் தோற்றமளிக்கும் அபாயம் இதிலே உள்ளது. வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகப் பரிசோதனைக்குச் செல்லும் எமது இளைஞர்கள் தாம் எடுக்கும் மருந்துகளின் பெயர்களையும் வைத்தியரின் கடிதத்தையும் உடன் கொண்டுசெல்வது புத்திசாலித்தனமாகும்.

உணவும் இதற்கு விலக்கன்று. அபினிச் செடியின் விதையான கசகசாவை உண்டவரின் சிறுநீர், மோர்பின் சோதனையில் 'உண்டு' என்று காட்டலாம். இதனாலேயே ஐக்கிய அமெரிக்காவின் அரச பணியிடச் சோதனைகளில், அபினி வகைக்கான எல்லை அளவு மில்லிலீற்றருக்கு 300 நனோகிராமிலிருந்து 2,000 நனோகிராமாக 1998இல் உயர்த்தப்பட்டது. நமது நாட்டில் பலூடாவிலும் சர்பத்திலும் ஊறவைத்து இடப்படும் 'கசகசா' பெரும்பாலும் திருநீற்றுப்பச்சையின் விதையாகும்; பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. அது குறித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே முதற்படிச் சோதனையின் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு எவர் மீதும் தீர்ப்புக் கூறலாகாது. நோயாளி சொல்வதும் பெறுபேறும் முரண்படும்போது, உறுதிப்படுத்தும் சோதனை செய்யப்படும் வரை நோயாளியின் சொல்லுக்கே மதிப்பளிக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

சிறுநீர் போதாத இடத்தில் குருதி

சில மருந்துகளுக்கு 'உண்டு, இல்லை' என்ற விடை போதாது. எவ்வளவு உண்டு என்பதே உயிரைத் தீர்மானிக்கும். அவற்றுள் முதன்மையானது லித்தியம். எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ உளநோய்க்கு இது வழங்கப்படுகின்றது. இதன் வரலாறும் சிறுநீரிலிருந்தே தொடங்குகின்றமை வியப்புக்குரியது. அவுஸ்திரேலிய உளமருத்துவரான ஜோன் கேட், உளநோயாளரின் உடலில் ஏதோவொரு நச்சுப்பொருள் சுரக்கின்றது என்று ஐயுற்று, அவர்களின் சிறுநீரை கினிப்பன்றிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். அந்த ஆய்வின் ஒரு கட்டத்தில் லித்தியம் உப்பைப் பயன்படுத்தியபோது விலங்குகள் அமைதியடைவதைக் கண்டார். நச்சுப்பொருள் பற்றிய அவரது ஊகம் பிழையாயிற்று, கண்டுபிடிப்போ நிலைத்தது. உள எழுச்சி நோயாளர் பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்துக் கண்ட பலனை 1949இல் அவர் வெளியிட்டார். எனினும் பொருத்தமான அளவு அறியப்படாத அக்காலத்தில் லித்தியம் நஞ்சாகி உயிரிழந்தவர்களும் உளர். குருதியில் லித்தியத்தை அளக்கும் முறை வழக்குக்கு வந்த பின்னரே அம்மருந்து பாதுகாப்பான மருந்தாயிற்று.

இன்று லித்தியம் எடுப்போரின் குருதி, கடைசிக் குளிசை எடுத்துப் பன்னிரண்டு மணித்தியாலங்களின் பின்னர் சோதிக்கப்படுகின்றது. நீடித்த சிகிச்சையில் பொதுவாக லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரையிலான அளவு நாடப்படுகின்றது, சிலருக்கு 1.0 வரை செல்லலாம். 1.5ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தோன்றத் தொடங்கும். 2.0ஐத் தாண்டுவது பேராபத்து. பயனளிக்கும் அளவுக்கும் கெடுதி செய்யும் அளவுக்கும் இடைவெளி இத்தனை குறுகியது. வாந்தி, வயிற்றோட்டம், கைகள் பெரிதாக நடுங்குதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல் ஆகியன எச்சரிக்கை அறிகுறிகள். இவற்றைக் கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராது உடனடியாக வைத்தியசாலையை நாட வேண்டும்.

எமது இரு சமூகத்தவரும் இவ்விடத்தில் விசேடமாகக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. லித்தியம் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகத்தினூடாகவே வெளியேறுகின்றது. உடலில் நீரும் உப்பும் குறையும்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாது தேக்கி வைக்கும். ரமழான் நோன்பின்போது பகல் முழுதும் நீர் அருந்தாதிருக்கும் முஸ்லிம் சகோதரர்களும், கந்தசஷ்டி போன்ற விரதங்களை நீரும் அருந்தாது நோற்கும் இந்துக்களும் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். நோன்பும் விரதமும் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னரே வைத்தியரை அணுகி, மருந்து எடுக்கும் நேரத்தையும் குருதிச் சோதனைக்கான நாளையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும். தாமாகவே குளிசையைக் குறைப்பதோ நிறுத்துவதோ கூடாது. நோயாளருக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகையை உலமாக்கள் நன்கறிவர். அவர்களின் வழிகாட்டலையும் வைத்தியரின் ஆலோசனையையும் இணைத்தே முடிவெடுத்தல் நன்று.

மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபியூபுரோபென், டைகுளோபெனக் போன்ற நோவுக் குளிசைகளும், குருதி அமுக்கத்துக்கான சில மருந்துகளும் லித்தியத்தின் அளவைக் கூட்டிவிடும். ஒருவர் எடுக்கும் எல்லா மருந்துகளையும் எல்லா வைத்தியர்களும் அறிந்திருக்க வேண்டும் என்று கூறப்படுவது இதனாலேயே.

குளோசபின் என்ற மருந்துக்கும் குருதிச் சோதனையே காவலாக அமைகின்றது. பிற மருந்துகளுக்குப் பணியாத மனச்சிதைவு நோயை இது பலரிடம் தணிக்கின்றது. ஆனால் 1975இல் பின்லாந்தில் இம்மருந்தை எடுத்த எட்டுப் பேர் வெண்குருதிக் கலங்கள் சடுதியாகக் குறைந்தமையால் உயிரிழந்தனர். அதன் பின்னர் பல நாடுகளில் கைவிடப்பட்ட அம்மருந்து, முதற் பதினெட்டு வாரங்கள் வாரந்தோறும் குருதியைச் சோதிக்கும் ஒழுங்குடன் மீண்டும் வழக்குக்கு வந்தது. புகைபிடிக்கும் பழக்கத்தைத் திடீரென நிறுத்தினாலும் குருதியில் குளோசபினின் அளவு உயரும். புகைப்பதை நிறுத்துவது நல்லதே. அதனை வைத்தியரிடம் சொல்லிவிட்டு நிறுத்துவது இன்னும் நல்லது.

சோதனை வியாபாரமாகும்போது

ஒரு சோதனை பயனுடையது என்பதால் அது எல்லோருக்கும் எல்லா வேளையிலும் தேவை என்று ஆகிவிடாது. ஐக்கிய அமெரிக்காவில் சிறுநீர்ப் பரிசோதனை பெரும் வர்த்தகமாக வளர்ந்தது. தேவையற்ற சிறுநீர்ச் சோதனைகளுக்கும் மரபணுச் சோதனைகளுக்கும் அரச மருத்துவக் காப்புறுதியிடம் பணம் கோரியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மில்லேனியம் என்ற ஆய்வுகூட நிறுவனம், 2015இல் 256 மில்லியன் டொலர் செலுத்தி அந்த விவகாரத்தைத் தீர்த்துக்கொள்ள இணங்கியது. ஒவ்வொரு நோயாளியின் தேவையையும் தனித்தனியே ஆராயாமல், எல்லோருக்கும் ஒரே பட்டியலைப் பின்பற்றிச் சோதனைகளுக்குக் கட்டளையிடும் வழக்கமே அங்கு கேள்விக்குள்ளானது. தனியார் ஆய்வுகூடங்கள் பெருகிவரும் எமது நாட்டுக்கும் இது ஒரு பாடமாகும். 'இந்தப் பெறுபேறு சிகிச்சையில் எதனை மாற்றப் போகின்றது?' என்ற வினாவுக்கு விடை இல்லையெனில் அந்தச் சோதனைக்குப் பணம் செலவிடத் தேவையில்லை.

கண்காணிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றதையும் உலகம் கண்டுள்ளது. விழுங்கியவுடன் வயிற்றிலிருந்து சமிக்ஞை அனுப்பும் நுண் உணரி பொருத்தப்பட்ட அரிப்பிப்பிரசோல் குளிசைக்கு ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் அனுமதி வழங்கியது. தன்னை யாரோ வேவு பார்க்கின்றனர் என்ற அச்சத்தையே நோயின் அறிகுறியாகக் கொண்டுள்ள ஒருவருக்கு, உண்மையிலேயே வேவு பார்க்கும் குளிசையைக் கொடுப்பது முறையாகுமா என்று அப்போது பலர் வினவினர். அந்த வினாவில் நியாயம் இருக்கின்றது. சிறுநீர்க் குவளையை நீட்டும்போதும் அதே வினா சிறிய அளவில் எழவே செய்கின்றது.

நமது வீடுகளும் நமது கிளினிக்குகளும்

போரும் ஆழிப்பேரலையும் தந்த வடுக்களைச் சுமந்து வாழும் வடக்கு, கிழக்கு மக்களுக்கு உளநலச் சேவை எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டியதில்லை. அரச வைத்தியசாலைகளின் உளநலக் கிளினிக்குகளில் மருந்து இலவசமாகவே வழங்கப்படுகின்றது. எனினும் அங்கு செல்ல பஸ் கட்டணம் வேண்டும். ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். துணைக்கு ஒருவர் வரவேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் தட்டுப்பாடும் ஒருங்கே நோயாளரைத் தாக்கியதை நாடு அறியும். அத்தகைய வேளையில் மருந்து உட்கொள்ளாதிருந்தவரைச் சிறுநீர்ப் பரிசோதனை 'இல்லை' என்றே காட்டியிருக்கும். கிடைக்காததால் எடுக்கவில்லையா, பிடிக்காததால் எடுக்கவில்லையா என்பதை அது பிரித்துக் காட்டாது.

மருந்து உறையில் எழுதப்படும் அறிவுறுத்தலை வாசிக்க முடியாமையும் ஒரு காரணமாகலாம். நோயாளிக்குப் புரியாத மொழியிலோ சுருக்கெழுத்திலோ எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் ஒழுங்காக எடுக்கவில்லை என்று குறைகூறுவது நியாயமாகாது. தமிழ் பேசும் நோயாளருக்குத் தமிழில் விளக்கம் கிடைப்பது சலுகையன்று. சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

வீட்டாருக்கும் சில வார்த்தைகள். மருந்தைச் சோற்றிலும் தேநீரிலும் மறைத்துக் கலந்து கொடுக்கும் வழக்கம் எமது வீடுகளில் இல்லாமலில்லை. அன்பினாலும் ஆற்றாமையினாலும் செய்யப்படும் செயல் அது என்பதை நாம் அறிவோம். ஆயினும் அது வெளிப்படும் நாளில், உணவின் மீதும் ஊட்டிய கையின் மீதும் இருந்த நம்பிக்கை சிதறிவிடும். மேலும், மருந்து உள்ளே செல்வதை வைத்தியர் அறியாவிடின் சிகிச்சைக் கணக்கே பிழைத்துவிடும். நாள்தோறும் குளிசை எடுப்பது இயலாதவருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் ஊசி மருந்துகள் உள்ளன. பக்கவிளைவு தாங்க முடியாதெனில் மருந்தை மாற்றலாம்; அளவைக் குறைக்கலாம். இவற்றை வைத்தியரிடம் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

வைத்தியத்துறையினரிடம் நாம் வேண்டுவதும் இதனை ஒட்டியதே. சோதனைக்கு முன் அதன் நோக்கத்தை நோயாளிக்கு எடுத்துரைத்து அவரது சம்மதத்தைப் பெறுதல், பெறுபேற்றை அவரிடமே முதலில் பகிர்தல், அதனைத் தொழில் தருநரிடமோ அயலாரிடமோ செல்லவிடாது காத்தல் ஆகியன அடிப்படைக் கடமைகளாகும். லித்தியம், குளோசபின் ஆகியவற்றுக்கான குருதிச் சோதனைகள் தலைநகரிலும் பெருநகரங்களிலும் உள்ளோருக்கு மட்டும் எளிதாகக் கிட்டும் வசதியாக இராது, தூரப் பிரதேசங்களிலுள்ள நோயாளருக்கும் தாமதமின்றிக் கிட்ட வழி செய்யப்படுதல் வேண்டும். புதுமையான சோதனைகளை நாடுவதற்கு முன்னர் உயிர்காக்கும் இச்சோதனைகளை எல்லோருக்கும் உறுதிசெய்வதே முன்னுரிமை பெற வேண்டியது.

'இல்லை' என்று வரும் ஒரு பெறுபேற்றின் பின்னால் பக்கவிளைவின் வேதனையோ, வறுமையோ, கலியாணக் கவலையோ, வெறும் மறதியோ இருக்கலாம். அந்தக் காரணத்தைக் கண்டறிய, 'ஏன் எடுக்கவில்லை?' என்று கோபமின்றிக் கேட்டு, வரும் பதிலைப் பொறுமையுடன் செவிமடுக்க ஒருவர் வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை அந்த உரையாடலைத் தொடக்கிவைக்குமாயின் அது நன்மை பயக்கும். அந்த உரையாடலுக்குப் பதிலாக வைக்கப்படுமாயின், நோயாளி அடுத்த மாதம் கிளினிக்கிற்கு வராமலே விட்டுவிடக்கூடும். இதனை வைத்தியர்களும் வீட்டாரும் மனங்கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.